விவாகரத்து ஆனால் பாதிச் சொத்து மனைவிக்கா? சட்டம் உண்மையில் சொல்வது என்ன?

கல்யாணத்தில் போட்ட 40 சவரனில் 25 சவரனை விற்றுத்தான் அந்த மனையையே வாங்கினார்கள். வீடு கட்ட எடுத்த வங்கிக் கடனுக்கு இரண்டு பேர் சம்பளத்திலிருந்தும் மாதத் தவணை போனது. ஆனால், பத்திரத்தில் இருப்பது கணவர் பெயர் மட்டும். 12 ஆண்டுகள் கழித்துப் பிரிவு என்று வரும்போது மனைவி கேட்கிறார்: "பாதி வீடு எனக்கு வந்துடும்ல?" கணவர் வீட்டார் சொல்கிறார்கள்: "பத்திரம் எங்க பையன் பேர்ல இருக்கு. ஒரு செங்கல்கூட கிடையாது."

இது ஒரு குறிப்பிட்ட வழக்கு அல்ல. நடுத்தரக் குடும்பங்களில் பிரிவு என்று வந்தால் அநேகமாக இப்படித்தான் பேச்சு தொடங்கும். இதில் இரண்டு தரப்பு சொல்வதும் முழுக்கச் சரியில்லை. சட்டம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்பதைக் கேள்வி பதிலாகப் பார்க்கலாம். முதலில் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் வரும் தம்பதிகள். மற்ற மதத்தினருக்கான விதிகள் பின்னால் வருகின்றன.

"சொத்துல பாதி மனைவிக்குன்னு சொல்றாங்களே?"

இந்தியாவில் அப்படி ஒரு பொதுவான சட்டம் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா போன்ற மாகாணங்களில், திருமணத்துக்குப் பிறகு இருவரில் யார் சம்பாதித்ததும் பொதுவாக இருவருக்கும் சமம். வெளிநாட்டுக் கோடீஸ்வரர்களின் விவாகரத்துச் செய்திகளைப் படித்துவிட்டு, இங்கேயும் அதே கணக்குதான் என்று பலர் நம்புகிறார்கள்.

இங்கே அடிப்படை விதி வேறு. திருமணம் ஆனதாலேயே ஒருவர் சொத்து இன்னொருவருக்குப் பங்காகிவிடாது. கணவர் பெயரில் இருப்பது கணவருக்கு, மனைவி பெயரில் இருப்பது மனைவிக்கு. இருவர் பெயரிலும் இருந்தால் இருவருக்கும் பங்கு. விவாகரத்து வழங்கும் நீதிமன்றம் எல்லாச் சொத்தையும் கூட்டி இரண்டாக வகுத்துக் கொடுக்காது.

விதிவிலக்கு கோவா. போர்ச்சுகீசியர் காலத்து சிவில் சட்டம் அங்கே தொடர்கிறது. வேறு விதமாகத் திருமண ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொதுவானதாகக் கருதப்படுகிறது. பிரிந்தால் சரிபாதி.

நாடு முழுமைக்கும் இதில் மாற்றம் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. விவாகரத்தின்போது கணவரின் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு வழங்க வகை செய்யும் திருமணச் சட்டங்கள் திருத்த மசோதாவை 2013 ஆகஸ்ட் மாதம் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறாமலேயே அது காலாவதியானது.

"என் நகையை வித்து வாங்கின இடம், பத்திரம் அவர் பேர்ல. ஒண்ணுமே கேட்க முடியாதா?"

கேட்கலாம். ஆனால், நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் தலையில்தான் விழும். பத்திரத்தில் யார் பெயரோ அவரையே உரிமையாளர் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். "பணம் என்னுடையது" என்று சொல்பவர் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். நகையை விற்ற ரசீது, அந்தத் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய தேதி, மனை விற்றவருக்குப் பணம் போன தேதி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் வழக்கு நிற்கும். "எல்லாருக்கும் தெரியும், சாமி சாட்சி" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் நிற்காது.

பினாமிச் சட்டம் குறுக்கே வருமே என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்கில் காட்டிய வருமானத்திலிருந்து கணவனோ மனைவியோ மற்றவர் பெயரில் வாங்கிய சொத்தை, 2016-ல் திருத்தப்பட்ட பினாமித் தடைச் சட்டம் பினாமி என்று கருதுவதில்லை. மனைவி பெயரில் கணவர் வாங்கிய வீட்டுக்கும் இதே அளவுகோல்தான். "பணம் நான் போட்டது" என்று கணவர் சொன்னால் அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இதற்காகத் தனியாக சிவில் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும் என்றும் இல்லை. கணவன், மனைவிக்கு இடையிலான சொத்து வழக்குகளை விசாரிக்க, 1984-ம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 7-வது பிரிவு அந்த நீதிமன்றத்துக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது.

"நான் வேலைக்கே போகலை. வீட்டைப் பார்த்துக்கிட்டதுக்கு மதிப்பே இல்லையா?"

இந்தக் கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் ஒரு முக்கியமான பதிலைச் சொன்னது. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்க, மனைவி இங்கே குழந்தைகளையும் வீட்டையும் கவனித்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கு அது. மனைவி வீட்டில் உழைத்ததால்தான் கணவரால் வெளியே சம்பாதிக்க முடிந்தது. எனவே, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். இல்லத்தரசியின் பங்களிப்பை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லை என்றாலும், அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் முன்வைத்த வாதம்.

ஆனால், இது விவாகரத்து வழக்கில் வந்த தீர்ப்பு அல்ல. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் அல்ல. வாதத்தில் எடுத்துக்காட்டலாம்; "கண்டிப்பா பாதி வரும்" என்று இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

"நகையும் சீரும் யாருக்கு?"

இதில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, பிறகோ பெண்ணுக்குப் பிறந்த வீட்டார், புகுந்த வீட்டார், உறவினர், நண்பர்கள் கொடுத்த நகை, பணம், பொருள் எல்லாம் சீதனம். அது அவருக்கு மட்டுமே சொந்தம். "பத்திரமா இருக்கட்டும்" என்று மாமியார் வாங்கி லாக்கரில் வைத்திருந்தாலும் உரிமை மாறாது. சீதனத்தைத் திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்தினாலும் அந்த நகையையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024-லும் அதே நீதிமன்றம் உறுதி செய்தது.

முதலில் பார்த்த 25 சவரனுக்கும் இது பொருந்தும். மனையில் பங்கு நிரூபிக்க முடியாமல் போனாலும், விற்ற நகையின் மதிப்பைச் சீதனமாகக் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது.

வரதட்சணையாகக் கணவர் வீட்டார் வாங்கியதும்கூட அவர்கள் சொத்தாகிவிடாது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி, அதை வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் பெண்ணுக்கு மாற்றித் தர வேண்டும். மாப்பிள்ளைக்கு விருப்பத்துடன் போட்ட மோதிரமும் செயினும் அவருக்கு. இருவருக்கும் பொதுவாக வந்த கட்டில், பீரோ, பாத்திர பண்டங்களைப் பற்றி இந்துத் திருமணச் சட்டம் 27-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் முடிவு செய்யலாம்.

சிக்கல் வருவது எண்ணிக்கையில்தான். பெண் வீட்டார் 60 சவரன் என்பார்கள். மறுபக்கம் 20 என்பார்கள். திருமண அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985 முதல் விதி இருக்கிறது. கல்யாணப் பரபரப்பில் யாரும் எழுதுவதில்லை. பிறகு கல்யாண ஆல்பமும் நகைக்கடை ரசீதும்தான் சாட்சி.

"வீட்டை விட்டு வெளியே போன்னு சொல்றாங்க. போகணுமா?"

வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, கணவருடன் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. வீடு யார் பெயரில் என்பது இங்கே கேள்வியே அல்ல. மாமனார் பெயரில் இருக்கும் வீடானாலும், தம்பதி அங்கே குடும்பம் நடத்தியிருந்தால் அது 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்' ஆகலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு செய்து, வெளியேற்றத் தடை உத்தரவோ, மாற்று வீட்டுக்கான வாடகையோ கேட்கலாம்.

இது குடியிருக்கும் உரிமைதான். சொந்தம் கொண்டாடும் உரிமை அல்ல. விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு இதன் பலமும் குறையும். எனவே, பேச்சுவார்த்தை நடக்கும்போதே, "தீர்ப்புக்கு அப்புறம் எங்கே குடியிருப்பது?" என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும்.

"ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்?"

நிலையான கணக்கு எதுவும் கிடையாது. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரு கைகாட்டிதான், எல்லா வழக்குக்கும் பொருந்தும் வாய்ப்பாடு அல்ல. இருவரின் வருமானம், சொத்து, கடன், எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள், வாழ்க்கைத் தரம், குழந்தைகளின் தேவை, குடும்பத்துக்காக வேலையை விட்டாரா என்பதையெல்லாம் நீதிபதி பார்ப்பார்.

கேட்க மூன்று வழிகள் உள்ளன. வழக்கு நடக்கும்போது இடைக்கால உதவிக்கு இந்துத் திருமணச் சட்டம் 24-வது பிரிவு. தீர்ப்புடன் நிரந்தர ஜீவனாம்சத்துக்கு 25-வது பிரிவு. விவாகரத்து வழக்கே போடாமல் பராமரிப்பு மட்டும் கேட்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகிவிட்டது. இதில் உத்தரவு வந்தும் பணம் கட்டாமல் இழுத்தால் சிறைக்கும் அனுப்பலாம்.

24, 25 பிரிவுகளின் கீழ் கணவரும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மனைவி வேலைக்குப் போகிறார் என்பதற்காக மட்டும் அவருக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஆகிவிடாது, தொகை குறையலாம். வருமானத்தை மறைக்கும் தந்திரத்துக்கும் கடிவாளம் உண்டு. இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது.

அதிகம் கவனிக்கப்படாத ஒரு வரி 25-வது பிரிவில் இருக்கிறது. தேவைப்பட்டால், ஜீவனாம்சத் தொகைக்குக் கணவரின் அசையாச் சொத்தைப் பிணையாக வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். வீட்டில் பங்கு இல்லை என்றாலும், அந்த வீடு ஜீவனாம்சத்துக்கு ஜாமீனாக நிற்கும்.

"அவருக்குப் பூர்வீகச் சொத்து இருக்கே?"

கணவர் உயிருடன் இருக்கும்போது அவருடைய பூர்வீகச் சொத்தில் மனைவி நேரடியாகப் பங்கு கேட்க முடியாது. அதேபோல, மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்தில் கணவருக்கும் பங்கு இல்லை.

ஆனால், குழந்தைகள் கணக்கு வேறு. இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை. பெற்றோரின் விவாகரத்து அதைத் தொடாது. சமரசப் பத்திரத்தில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று தாய் கையெழுத்துப் போட்டாலும், அது அவருடைய உரிமையைத்தான் முடிக்கும். குழந்தையின் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க முடியாது.

இன்னொன்று: பிரிந்து வாழ்வது வேறு, விவாகரத்து வேறு. எத்தனை வருடம் தனியாக இருந்தாலும் விவாகரத்து ஆகாதவரை மனைவி கணவரின் முதல் வகுப்பு வாரிசு. உயில் எழுதாமல் அவர் இறந்தால் பிள்ளைகளோடும் மாமியாரோடும் சேர்ந்து மனைவிக்கும் பங்கு உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளோடு அந்த வாரிசுரிமை போய்விடும்.

"ரெண்டு பேர் பேர்லயும் வீடு, ரெண்டு பேர் பேர்லயும் லோன்..."

பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதாவிட்டால், சமம் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம், அல்லது விற்றுப் பிரிக்கலாம். ஒத்துவரவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு.

வங்கிக் கடன்தான் பலரைச் சிக்க வைக்கிறது. "இனி தவணையை அவரே கட்டுவார்" என்று சமரசத்தில் எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இருவரையும் வங்கி விடாது. அவர் கட்டாமல் விட்டால், விவாகரத்தாகி ஐந்து வருடம் ஆன மனைவிக்கும் நோட்டீஸ் வரும். சிபில் மதிப்பெண் சரியும். எனவே, கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவதுதான் பாதுகாப்பு.

"பஞ்சாயத்துல பேசி அத்து விட்டாச்சு. போதாதா?"

போதாது. 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி வாங்கும் 'விடுதலைப் பத்திரம்' விவாகரத்து ஆகாது. ஒரு சமூகத்தில் வழிவழியாக வழக்க விவாகரத்து இருந்தால் அதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால், அந்த வழக்கம் உண்மையில் இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால், அந்தக் காகிதத்தை நம்பிச் செய்த மறுமணம் செல்லாது. அந்தக் காகிதத்தில் சொல்லி வாங்கிய பணம், நிலம் எல்லாமே கேள்விக்குறியாகும்.

"நாங்க முஸ்லிம், நாங்க கிறிஸ்தவங்க. எங்களுக்கு?"

'பாதிச் சொத்து' என்ற விதி இவர்களுக்கும் இல்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு மஹர் தொகையும், திருமணத்தை ஒட்டி உறவினரும் கணவரும் கொடுத்த பொருள்களும், எதிர்கால வாழ்க்கைக்கான நியாயமான ஏற்பாடும் கிடைக்க 1986-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அதோடு பொதுவான பராமரிப்புச் சட்டத்தின் கீழும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். பதிவுத் திருமணம் செய்த கலப்புத் தம்பதிகளுக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இவை இரண்டிலும் மனைவிக்கு நிரந்தர ஜீவனாம்சம் உண்டு.

"ஒத்துப்போய்ப் பிரியறதுன்னா எவ்வளவு நாளாகும்?"

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் வந்து மீண்டும் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லை, எல்லாமே பேசி முடித்தாகிவிட்டது என்றால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சொத்து உண்மையில் பிரிவது இந்த இடத்தில்தான். சட்டம் தானாக வகுத்துத் தராததால், மத்தியஸ்த மையத்தில் உட்கார்ந்து பேசும்போது யார் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான் பேரத்தைத் தீர்மானிக்கிறது. நகை எப்போது திரும்பும், பணம் எத்தனை தவணை, வீடு யார் பெயருக்கு, கடன் யார் தலையில், பிள்ளைகள் படிப்புச் செலவு யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றும் தேதியோடு சமரசத்தில் இருக்க வேண்டும். இறுதித் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே, "முதல்ல கையெழுத்துப் போடு, பணம் அப்புறம்" என்றாலும் ஆபத்து. "முதல்ல முழுப் பணத்தையும் கொடு" என்றாலும் ஆபத்து. ஒரு பகுதி முதல் மனுவிலும், மீதி இறுதி நாளில் நீதிமன்றத்தில் வரைவோலையாகவும் கொடுப்பது நடைமுறையில் பாதுகாப்பானது.

இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை

- கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், திருமணப் பதிவுச் சான்று
- நகை வாங்கிய, விற்ற, அடகு வைத்த ரசீதுகள்
- இருவரின் வங்கி அறிக்கை, தவணை போன கணக்கு விவரம்
- சொத்துப் பத்திர நகல், வில்லங்கச் சான்று
- கணவர் அல்லது மனைவியின் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு

பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் பதிவுத் துறையில் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி எடுக்கலாம். அசல் பத்திரம் புகுந்த வீட்டில் மாட்டிக்கொண்டது என்று தவிக்கத் தேவையில்லை.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்பதும் தடை அல்ல. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வன்முறை இருந்தால் 181.

தொடக்கத்தில் பார்த்த அந்தப் பெண்ணுக்குப் பாதி வீடு தானாக வந்துவிடாது. அதற்காக வெறுங்கையோடும் திரும்ப வேண்டியதில்லை. மீதமுள்ள 15 சவரன் அவருடையது. விற்ற 25 சவரனின் மதிப்பை அவர் கேட்கலாம். தன் கணக்கிலிருந்து போன தவணையைக் காட்டிப் பங்கு கோரலாம். ஜீவனாம்சம் கேட்கலாம், அதற்கு அந்த வீட்டையே பிணையாக வைக்கச் சொல்லலாம். "ஒரு செங்கல்கூட கிடையாது" என்றவர்களுக்கு அவர் சொல்லும் பதில், 12 வருடத்துக்கு முன்பு நகையை விற்ற அந்த ரசீது பீரோவில் இன்னும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.